அவகிட்ட என்ன சொன்னாவ

இங்கன ஆளு வருதாம்மா? இல்லைன்னா நான் உக்காந்துக்கிடுதேன். சன்னல் பக்கம் நீயே இரி, எனக்குக் காத்து ஆகாது.

பஸ் ஸ்டாண்டுல பாத்தியா, திரும்பின பக்கமெல்லாம் வெள்ளைச் சேலை. எல்லாம் எங்க கோயில் கூட்டம்தான். நீ பொட்டு வச்சிருக்க, உனக்குத் தெரிஞ்சிருக்காது. இன்னைக்கு எங்க சபைக்குப் புது பிஷப். பெரிய கோயில்ல அபிஷேகம். பொம்பள பிஷப்பும்மா! இத்தனை காலத்துல முத முதலா ஒரு பொம்பள. டிவிக்காரனுவ ஏணி போட்டு ஏறி நின்னு படம் எடுக்கானுவ. மாலை என்ன, சால்வை என்ன, பிரியாணி என்ன.

அவ எங்க ஊருலதான் இருந்தா. ஆமா, அவதான். எப்சிபா. எங்க வீட்டுல இருந்து கூப்பிடு தூரத்துல, கோயில் வளவுக்குள்ள இருந்தா. என்ன பாக்க? 'அவ'ங்கேன்னு பாக்கியா? பழகின வாயும்மா. என் வயசுக்கு நான் சொல்லலாம்.

எங்க பக்கம் பாதிரியாரை ஐயர்னு சொல்லுவோம். உங்க ஐயர் வேற, எங்க ஐயர் வேற. ஐயரு பொஞ்சாதியை ஐயரம்மான்னு சொல்லுவோம். இவ வரப்போறான்னு கடுதாசி வந்ததும் ஊருல ஒரே குழப்பம். இவளே ஐயர். அப்பம் இவளை என்னன்னு கூப்பிடுதது? ஐயரம்மான்னா யாரு பொஞ்சாதின்னு கேப்பாவ, இவ கல்யாணமும் கட்டல. பெண்கள் சங்கத்துல கூடிப் பேசினோம். நான்தான் அப்பம் தலைவி. நான்தான் சொன்னேன், டீச்சர்னு கூப்பிடுவோம், மரியாதையாவும் இருக்கும், ஒரு தொந்தரவும் இல்லன்னு. வந்த அன்னைக்கே 'வாங்க டீச்சர்'னேன். ஒரு மாதிரி பாத்தா. அப்புறம் சிரிச்சா. 'நான் டீச்சர் இல்லையேம்மா'ன்னா. அவ்வளவுதான். அதுக்கப்புறம் நாங்க டீச்சர்ன்னுதான் கூப்பிட்டோம், அவளும் திரும்பித்தான் பாத்தா.

நான் ஜாதி பாக்குறவ இல்ல. அதை முதல்லயே சொல்லிருதேன். அவ யாரு எவருன்னு ஊருக்கே தெரியும். அவ அப்பா கோயிலுகளுக்கு வெள்ளையடிக்கப் போறவரு. அவ படிச்சு, அதுலயும் முதலா வந்து, அப்புறமும் ஐயர் பட்டம் குடுக்காம வருசக்கணக்கா இழுத்தடிச்சாவ. ஹாஸ்டல்ல பிள்ளைகளுக்குச் சோறு போட வச்சிருந்தாவ. கூடப் படிச்ச ஆம்பளைய எல்லாம் பெரிய பெரிய கோயிலுக்குப் போயாச்சு. இவளுக்கு நரை விழுந்த பிறகுதான் அங்கி. பாவம்தான். நான் இல்லைங்கல.

எங்க வீட்டுக்காரவிய பேரு அருமைராஜ். அவியதான் சபைச் செயலாளர். அவிய அப்பா காலத்துல இருந்தே கோயில் சாவி எங்க வீட்டுலதான். இவ வரக்கூடாதுன்னு நாலு பேரு பிஷப்பைப் பாக்கப் போனப்ப, அவிய போகல. 'வரட்டும். சும்மா வெயிலு மழைன்னு வாற மாதிரி வந்துட்டுப் போறா'ன்னாவ. அவ்வளவு பெரிய மனசு.

ஆனா அவ கையால இராப்போஜனம் வாங்க மாட்டாவ.

உனக்கு இது தெரியாதுல்லா. மாசத்துல முதல் ஞாயிறு ஐயர் அப்பமும் திராட்சரசமும் குடுப்பாவ. முழங்கால் போட்டு வாங்கணும். எங்களுக்கு அதுதான் பெருசு. அவிய என்ன செய்வாவன்னா, பிரசங்கம் வரைக்கும் முதல் பெஞ்சுல இருப்பாவ. இவ அப்பத்தைக் கையில எடுக்கும்போது எந்திச்சு, பக்க வாசல் வழியா வெளிய போயிருவாவ. கார் நிக்கும். ஆத்துக்கு அந்தப் பக்கம் எங்க சித்தப்பா மகன் ஆல்வின் ஐயரா இருந்தான். அங்கன போய் வாங்கிட்டு வருவாவ. அவிய போனா நாலு குடும்பம் போகும். அந்த நாலைப் பாத்து இன்னும் நாலு. கடைசியில காலனி ஆளுகளும், போக்கிடம் இல்லாத கிழவிகளும், நானும்தான் மிச்சம்.

நான் வாங்கினேன். சொன்னேன்லா, நான் பாக்குறவ இல்ல. அப்பத்தை வாங்கிக்கிடுவேன். ரசம் எல்லாரும் ஒரே கிண்ணத்துல வாய் வச்சுக் குடிக்குதது, அதுக்கு மட்டும் வேண்டாம்னு தலையை ஆட்டிருவேன். எனக்குச் சுகர் இருக்குல்லா.

ஒண்ணு தெரியுமா? மந்திரிச்ச அப்பத்தையும் ரசத்தையும் மிச்சம் வைக்கக்கூடாது. வெளிய கொட்டவும் கூடாது. ஐயர்தான் தின்னு முடிக்கணும், அதான் முறை. இவ எல்லாருக்கும்னு நிறைய எடுத்து வைப்பா. வருவாவ, வருவாவன்னு ஒவ்வொரு மாசமும் குறைக்காம எடுத்து வைப்பா. அப்புறம் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்னுக்கிட்டு, ஒவ்வொண்ணா, ஒவ்வொண்ணா வாயில போட்டு மெல்லுவா. கோயிலே சத்தமில்லாம இருக்கும். அவ மெல்லுதது எனக்குக் கேக்கும். கிண்ணத்தைத் தூக்கிக் குடிச்சு, தண்ணி ஊத்தி அலம்பி அதையும் குடிச்சு, துடைச்சு வச்சுட்டுத் திரும்புவா. முகத்துல ஒண்ணும் இருக்காது. அழுதாலும் எனக்கு மனசு ஆறியிருக்கும். அழ மாட்டா. அந்தத் திமிருதான் எனக்குப் பிடிக்கல.

ஒரு நாளு கேட்டே போட்டேன். 'டீச்சர், கொஞ்சமா எடுத்து வச்சா என்ன? வராதவியளுக்கு எதுக்கு?'ன்னேன். 'வராதவங்களுக்கும் சேத்துத்தாம்மா நான் இங்க ஐயர்'ன்னா. 'நாங்க உங்களை எவ்வளவு ஏத்துக்கிட்டோம், நீங்களும் கொஞ்சம் அனுசரிச்சுப் போகலாம்லா'ன்னேன். அதுக்குச் சொல்லுதா பாரு, 'ஏத்துக்கிடுததுக்கு நான் உங்க ஊருக்கு விருந்தாடியா வரலம்மா, வேலைக்கு வந்திருக்கேன்'. எப்பிடி? நறுக்குன்னு.

அப்புறம் எங்க வீட்டுல அவியளுக்கு முடியாம ஆயிட்டு. தொண்டையில கட்டி. மதுரைக்குப் போனோம், வேலூருக்குப் போனோம், வீட்டுக்குக் கொண்டு போயிருங்கன்னு சொல்லிட்டாவ. பையன் கனடாவுல. நானும், வேலைக்கு வாற பேச்சியும்தான் பாத்துக்கிட்டோம். ஆல்வின் அடிக்கடி வருவான். 'அத்தான், எப்பம் கூப்பிட்டாலும் ஓடி வந்துருவேன்'ம்பான்.

அப்பம்தான் அந்த மழை பிடிச்சது. உங்க பக்கமும் வந்திருக்கும். விடல. குளம் உடைஞ்சு, ஆறு பெருகி, பாலம் மூழ்கிப் போச்சு. காலனி முழுக்கத் தண்ணிக்குள்ள. இவ என்ன செஞ்சா தெரியுமா, கோயிலைத் திறந்து அவிய எல்லாரையும் உள்ள விட்டா. கோயிலுக்குள்ள! பெஞ்சு மேல பிள்ளைகளைப் படுக்க வச்சு, பலிபீடத்துக்கு இந்தப் பக்கம் அடுப்பு வச்சு சோறு பொங்கினா. பேச்சி வந்து சொன்னப்ப எனக்கு ரத்தம் கொதிச்சுது. ஆனா யாருகிட்ட சொல்ல? கட்டில்ல கிடக்குத மனுசன் கண்ணைத் திறந்து திறந்து மூடுதாவ. 'ரூபா, ஐயரைக் கூப்பிடு. இராப்போஜனம் எடுக்கணும்'னாவ.

ஆல்வினுக்குப் போன் போட்டேன். அப்பம் டவர் கொஞ்சம் இருந்துது. 'அக்கா, தண்ணி எப்பிடிப் போகுதுன்னு பாக்கலியா? நான் பிள்ளைகுட்டிக்காரன்'னான். அத்தோட லைன் போயிட்டு.

இவளை நான் கூப்பிடல. அதைச் சொல்லிருதேன். நான் கூப்பிடல. பேச்சிதான் கோயில்ல போய்ச் சொல்லியிருக்கா.

ராத்திரியோட தெருவுலயும் தண்ணி ஏறிட்டு, எங்க வீடு மேடானதால தப்பிச்சுது. மறுநாளு மத்தியானம், வாசல்ல சத்தம் கேக்குதேன்னு பாத்தா, நெஞ்சு வரைக்கும் நனைஞ்சு நிக்கா. இராப்போஜனப் பெட்டியைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டே வந்திருக்கா. பெட்டியில ஒரு சொட்டு படல. ஆளுதான் கிடுகிடுன்னு நடுங்குதா. அப்பிடியே எப்பிடி உள்ள விட? தரையெல்லாம் சகதி ஆயிரும்லா. கொடியில கிடந்த சேலையை எடுத்துக் குடுத்தேன். பேச்சிக்குன்னு எடுத்து வச்சிருந்த பழைய சேலை. என் பீரோ மாடியில இருந்துது, அவசரத்துல அதுதான் கைக்கு வந்துது. பேச்சி பக்கத்துல நின்னு வாயைப் பொத்திக்கிட்டா. இவ ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டா. மாத்திக்கிட்டு, ஈர அங்கியைப் பிழிஞ்சு உதறிப் போட்டுட்டு, கழுத்துல போடுத பட்டை ஒண்ணு உண்டு, அதை மட்டும் அந்தச் சேலை மேல போட்டுக்கிட்டு வந்தா.

நான் முன்னால போய் அவிய காதுல சொன்னேன். 'ஆல்வினால வர முடியல. அவதான் வந்திருக்கா. வேண்டாம்னா சொல்லுங்க, பக்குவமா அனுப்பிருதேன்'.

அவிய கண்ணைத் திறந்து வாசலைப் பாத்தாவ. அவளைப் பாத்தாவ. 'வாங்க ஐயரே'ன்னாவ.

ஐயரே! ஊருல ஒருத்தர் வாயில இருந்தும் வராத வார்த்தை. என் முன்னாலயே, பேச்சி சேலையைக் கட்டிக்கிட்டு நிக்கிதவளைப் பாத்து. அவளும் வாசல்லயே நின்னுட்டா.

அப்புறம் என்கிட்ட சொன்னாவ. 'ரூபா, நீ கொஞ்சம் வெளிய இரி.'

கல்யாணம் ஆன நாள்ல இருந்து அந்த மனுசனுக்கு நான் பாக்காத காயம் ஒண்ணு கிடையாது. மலம் மூத்திரம் அள்ளினவ நான். என்னை வெளிய இரின்னாவ. கதவைச் சாத்தினா அவ. சாத்தச் சொன்னது அவியதானாம். யாருக்குத் தெரியும்?

கதவுல காதை வச்சுப் பாத்தேன். வெளிய மழைச் சத்தம், ஒண்ணும் கேக்கல. ஒரு தடவை மட்டும் அவிய அழுத மாதிரி இருந்துது. எங்க மாமனார் செத்தப்பக் கூட அழாத மனுசன். சாயந்திரம் ஆகப் போகுது, அப்பம்தான் கதவு திறந்துது. அவ கண்ணும் சிவந்திருந்துது.

'வாங்கினாவளா?'ன்னேன்.

'வாங்கினாங்கம்மா. முழுங்க முடியல. ரசத்துல நனைச்சு நாக்குல வச்சேன்.'

'என்ன சொன்னாவ?'

'அது அவருக்கும் ஆண்டவருக்கும் உள்ளதும்மா. நீங்க உள்ள போங்க. கையைப் பிடிச்சுக்கிட்டு இருங்க'ன்னா.

உள்ள போனேன். அவியளுக்குப் பேச்சு நின்னு போச்சு. என்னைப் பாத்தாவ. பாத்துக்கிட்டே இருந்தாவ. மறுநாளு போயிட்டாவ. என்கிட்ட ஒரு வார்த்தை இல்ல மகளே. இருந்த பேச்சையெல்லாம் அவகிட்ட பேசி முடிச்சுட்டுப் போயிட்டாவ.

அடக்கமும் அவதான் செஞ்சா. தண்ணி வடிஞ்சும் வடியாம கல்லறைத் தோட்டத்துல. காலனிப் பயலுவதான் பெட்டியைத் தூக்கினானுவ, வேற ஆளு எங்க இருந்து வர? எல்லாம் முடிஞ்சதும் நான் அவ வீட்டுக்குப் போனேன். கேட்டேன். சொல்லல. நாப்பதாம் நாள் ஜெபத்துக்கு வந்தப்பக் கேட்டேன். சொல்லல. கோயில் வாசல்ல வச்சுக் கேட்டேன். 'அம்மா, அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்ல. உங்களுக்கு எது வேணும்னாலும் செய்யுதேன், இதைக் கேக்காதீங்க'ன்னா. கெஞ்சுத மாதிரிதான் சொன்னா. ஆனா சொல்லல.

படுத்தா உறக்கம் கிடையாது. என்னத்த சொல்லியிருப்பாவ? வேற எவளும் உண்டோ? இல்ல என்னைப் பத்தித்தான் சொன்னாவளோ? இவ என்னைப் பாக்கும்போதெல்லாம் எனக்கு அப்பிடித்தான் தோணும். எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு பாக்குத மாதிரி. என் வீட்டு விஷயம் அவ வயித்துக்குள்ள இருக்கு, நான் வெளிய நிக்கேன்.

அவிய தம்பி, எங்க கொழுந்தன்தான் சொன்னாவ, பிஷப்புகிட்ட போவோம்னு. அந்த பிஷப் நல்ல மனுசன், எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். போனோம். அவளையும் கூப்பிட்டிருந்தாவ. கொழுந்தன் பேச ஆரம்பிச்சாவ. சாகக் கிடந்த மனுசனைக் கதவைச் சாத்தி வச்சுக்கிட்டு என்ன செஞ்சா, எதை எழுதி வாங்கினா, ஆம்பள இருக்குத ரூமுல கல்யாணம் ஆகாத பொம்பளைக்கு அவ்வளவு நேரம் என்ன வேலை... அப்பிடி இப்பிடின்னு. நான் அப்பிடிச் சொல்லல. சத்தியமா சொல்லல. பிஷப் என்னைப் பாத்து, 'நீங்க என்னம்மா சொல்லுதீங்க?'ன்னாவ. நான் என்ன சொல்ல? உள்ள நடந்தது எனக்குத் தெரியாதுல்லா. 'கதவு சாத்தித்தான் இருந்துது'ன்னேன். உள்ளதைத்தான சொன்னேன்?

அவ என்னைத் திரும்பிப் பாத்தா. அவ்வளவுதான்.

பிஷப் அவகிட்ட தன்மையாத்தான் கேட்டாவ. 'அவரு சொன்னதை என்கிட்ட மட்டுமாவது சொல்லிரு. இதை இப்பமே முடிச்சிருதேன்'னாவ. அதுக்கு அவ, 'சாகப்போற மனுசன் சொன்னதை வெளிய சொல்லுத ஐயருகிட்ட நாளைக்கு நீங்க போய் மனசு விட்டுப் பேசுவீங்களா ஐயா?'ன்னா. பிஷப்பையே! கொழுந்தன் எந்திச்சு நின்னுட்டாவ. பிஷப் கண்ணாடியைக் கழத்தித் துடைச்சாவ, துடைச்சுக்கிட்டே இருந்தாவ. பொறவு மாத்தல் ஆர்டர் வந்துது. உப்பளத்துப் பக்கம், கடக்கரையில ஒரு ஓலைக் கொட்டகை. அதுதான் கோயில். பனிஷ்மென்ட்னு யாரும் சொல்லல. பாத்தாலே தெரியும்லா.

அவ கிளம்பின அன்னைக்கு ஒரு சின்ன லாரி. கட்டில், புஸ்தகம், ரெண்டு அண்டா. காலனிப் பொம்பளைய லாரியைச் சுத்தி நின்னு அழுதாளுவ. பேச்சியும் நின்னா, எங்க வீட்டு வேலையைப் போட்டுட்டு. நான் மாடியில நின்னு பாத்தேன். அவ ஏறும்போது எங்க வீட்டைப் பாத்துக் கையெடுத்துக் கும்பிட்டா. எனக்குத்தானா, அவியளுக்கான்னு தெரியல.

அடுத்து வந்த ஐயர் ஆம்பளதான். எல்லாரும் திரும்பி வந்து முதல் பெஞ்சுல உக்காந்தாவ. எனக்குத்தான் கோயிலுக்குப் போகவே பிடிக்காமப் போச்சு.

அவ அங்கன சும்மா இருக்கல. உப்பு வாருத பொம்பளைய காலெல்லாம் புண்ணாக் கிடக்குமாம், அவளுவளைச் சேத்துக்கிட்டு ஆபீஸ் ஆபீஸா ஏறி ஆஸ்பத்திரி வண்டி வர வச்சா. அந்த ஓலைக் கொட்டகை இடத்துல கல்லுக் கோயில் கட்டினா. எங்க ஊருல கல்யாணம் ஆன பிள்ளையள்ல பாதி, குழந்தைக்கு ஞானஸ்நானம் குடுக்க அவகிட்டதான் போச்சுவ. அப்புறம் இந்த எலெக்ஷன். எங்க சபையில பிஷப் எலெக்ஷன்னா உங்க எம்எல்ஏ எலெக்ஷன் தோத்துப் போகும். ரெண்டு கோஷ்டி. இவன் ஆளு வரக்கூடாதுன்னு அவன், அவன் ஆளு வரக்கூடாதுன்னு இவன். கடைசியில ரெண்டு பேரும் இவளுக்குப் போட்டானுவ. பொம்பளதான, நாம சொல்லுததைக் கேட்டுக்கிட்டு இருப்பான்னு! எனக்குச் சிரிப்பா வந்துது. அவளைக் கேக்க வைக்கப் போறானுவளாம். கொழுந்தனும் அவளுக்குத்தான் ஓட்டுப் போட்டாவ. இன்னைக்கு முன் வரிசையில உக்காந்து கைதட்டினாவ. ஆல்வின் ஓடி ஓடி நாற்காலி போட்டான்.

நான் என்ன கேக்கேன்னா, அன்னைக்கு நாங்க அவளை மாத்தலைன்னா அவ எங்க ஊருலயேதான கிடந்திருப்பா? உப்பளமும் இல்ல, பேரும் இல்ல, பிஷப்பும் இல்ல. அதை யாராவது மைக்குல சொன்னாவளா? அவ வேலை பாத்த ஊரையெல்லாம் வாசிக்கும்போது, பாதகம் செஞ்சவிய மாதிரி எங்க ஊரு பேரை மட்டும் விட்டுட்டாவ.

அபிஷேகம் முடிஞ்சு எல்லாரும் வரிசையில போய்ச் சால்வை போட்டாவ. நானும் ஒண்ணு வாங்கிட்டுப் போயிருந்தேன். நல்ல சால்வைதான். அவ்வளவு கூட்டத்துல, சிவப்பு அங்கி போட்டு நாற்காலியில இருந்தவ, என்னைக் கண்டதும் எந்திச்சுட்டா. மந்திரிக்கு எந்திக்கல, எனக்கு எந்திச்சா. 'வாங்கம்மா. இவ்வளவு தூரம் பஸ்ஸுலயா வந்தீங்க?'ன்னா.

சால்வையைப் போடுத சாக்குல காதுகிட்ட போனேன். 'இன்னைக்காவது சொல்லிரும்மா. இனிமே உன்னை யாரு கேள்வி கேக்கப் போறா? நானும் எத்தனை நாளைக்கு இருக்கப் போறேன்'னேன்.

கையைப் பிடிச்சுக்கிட்டா. எனக்குப் பின்னால வரிசையில சத்தம் போடுதாவ. அவ அவசரப்படல. பொறவு, 'அம்மா, உங்களைக் குறையா அவங்க ஒரு வார்த்தை சொல்லல. இதுக்கு மேல என்னால சொல்ல முடியாது'ன்னா.

இத்தனை வருசம் அதுக்குத்தான பயந்தேன். 'அப்பம் நல்லதா சொன்னாவளா? என் பேரையாவது சொன்னாவளா?'ன்னேன்.

கையை மட்டும் இன்னும் இறுக்கிப் பிடிச்சா. உதடு அசைஞ்சுது. சொல்லப் போறான்னு நினைச்சேன். சொல்லல. அதுக்குள்ள பின்னால இருந்தவன் மாலையோட இடிச்சுக்கிட்டு வந்துட்டான். நான் இறங்கி வந்துட்டேன்.

பிரியாணி வாங்கல. நேரா பஸ் ஸ்டாண்டுக்கு வந்துட்டேன்.

நீயே சொல்லு மகளே. நான் என்ன பெருசாவா கேட்டேன்? அவிய என்ன சொன்னாவங்கிறது அவ வயித்துலயே கிடக்கட்டும், எனக்கு வேண்டாம். 'உங்க பேரைச் சொன்னாரும்மா, உங்களைப் பாத்துக்கிடச் சொன்னாரு'ன்னு ஒரு பொய் சொல்லியிருக்கலாம்லா? நான் போய் அவியகிட்ட கேக்கவா போறேன்? ஒரு பொய்யி. அதுல அவ அங்கி கறுத்தா போயிரும்? எத்தனை பெரிய இடத்துல உக்காந்திருக்கா. ஒரு கிழவிக்கு ஒரு பொய் சொல்ல முடியலியே அவளால.